மாத்திரை என்றால் அளவு

கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் ஒரு மாத்திரை என்று வகுத்தார்கள் நம் இலக்கணக்காரர்கள். அளவைக் குறித்த அந்தச் சொல்லையே வைத்தியர்களும் தங்கள் உருண்டைக்குப் பெயராக்கிக்கொண்டார்கள். அளவு தப்பிய ஔஷதம் ஔஷதமாக நிற்பதில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்பது சந்தேகம்.

மும்பையின் அணுசக்தி நகரில் குடியிருப்பவருக்கு இந்த விஷயத்தை விஸ்தரிக்க வேண்டியதில்லை. டிராம்பேயில் 1954-ஆம் ஆண்டு தோன்றி, 1967-இல் ஹோமி பாபாவின் பெயரைத் தாங்கிக்கொண்ட அணு ஆராய்ச்சி நிலையத்தில் கதிரியக்கத்தின் சமீபத்தில் நின்று பணியாற்றுவோர், தங்கள் உடம்பு ஏற்ற கதிர்வீச்சைக் கணக்கிட்டுக் காட்டும் சிறு பேட்ஜை மார்பில் குத்திக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறார்கள். இந்தக் காரியத்துக்குக் கதிர் அவசியந்தானா, அவசியமென்றால் எவ்வளவு குறைவாக வைத்துக் காரியத்தை முடிக்கலாம், எந்த எல்லையைத் தாண்டக் கூடாது என்ற மூன்று கேள்விகளும் அவர்களுக்கு நித்திய பாராயணம். ஆயினும் அதே மனிதர் வீட்டுக்கு வந்து, படிப்பில் புத்தி நில்லாத மகனுக்கோ, நைட் ஷிப்ட் முடிந்து தள்ளாடும் தமக்கோ ஒரு மாத்திரையைத் தேடும்போது, அம்மூன்று கேள்விகளையும் பேட்ஜோடு சேர்த்து அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வந்துவிடுகிறார்.

கவனத்துக்கென்று டாக்டர்கள் எழுதும் மருந்துகளில் முதன்மையானது மெதில்பெனிடேட். பாசல் நகரில் சீபா கம்பெனியில் வேலை பார்த்த லியாண்ட்ரோ பனிஸோன் என்ற ரசாயன நிபுணர் 1944-இல் இதைத் தயாரித்தார். அவர் மனைவியின் செல்லப் பெயரான ரீட்டா என்பதிலிருந்தே 'ரிட்டாலின்' என்ற வியாபாரப் பெயர் பிறந்தது. டோபமின், நார்அட்ரினலின் என்னும் மூளை ரசங்கள் நரம்பிலிருந்து சுரந்த வேகத்திலேயே திரும்ப உறிஞ்சப்பட்டுவிடாமல் இது சற்றுத் தடுத்து வைக்கிறது. அதனால், கிளைக்குக் கிளை தாவும் மனத்துக்கு ஒன்றில் நிலைத்து நிற்க அவகாசம் கிடைக்கிறது. சாதாரண வகை மூன்று நான்கு மணி நேரமும், மெல்லக் கரையும் வகை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரையிலும் வேலை செய்யும். ஏ.டி.எச்.டி. என்னும் கவனக் கோளாறு மெய்யாகவே உள்ள குழந்தைக்கு இது செய்யும் உபகாரம் பெரிது. 'வாலுப் பையன், நாலு போட்டால் சரியாகிவிடுவான்' என்று சொல்லும் பாட்டிமார் கட்சியில் நான் சேர்ந்தவனல்லன்.

மெய்யாகவே உள்ள என்றேனே, அங்கேதான் சிக்கல். இந்தக் கோளாறைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் தோன்றியிருக்க வேண்டும். வீட்டில் மட்டுமோ பள்ளியில் மட்டுமோ இராமல் இரண்டு இடத்திலாவது அவை தென்பட வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் விசாரித்து, பார்வையும் காதும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே ஒரு மனநல மருத்துவரோ குழந்தை வளர்ச்சி நிபுணரோ முடிவுக்கு வரலாம். செம்பூரில் கோச்சிங் கிளாஸ் முடிந்து இரவு பத்து மணிக்கு வீடு திரும்பி, பதினொன்றரைக்குப் படுத்து, காலை ஐந்துக்கு எழுப்பப்படும் பிள்ளை வகுப்பில் விழித்துக்கொண்டு கனவு காண்பதற்கு வியாதிப் பெயர் வேண்டியதில்லை. டான்சில் வீங்கி இரவெல்லாம் குறட்டை விடும் குழந்தையும் பகலில் இப்படித்தான் துடிக்கும், மறக்கும், எரிந்து விழும். அதற்குச் சிகிச்சை தொண்டையில் இருக்கிறது.

இனி, தூக்கத்தின் கதை. அணு உலைக்கு இரவும் இல்லை, பகலும் இல்லை. மாஹுலின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் அப்படியே. உலகமெல்லாம் உறங்கும்போது கட்டுப்பாட்டு அறையில் விழித்திருந்து, பிளாஸ்கிலிருந்த காப்பி தீர்ந்துபோன நாலு மணி வேளையில் கண் செருகுவதை அனுபவித்தவர்களுக்கு, 'மோடாபினில் என்று ஒன்று இருக்கிறது, சாப்பிட்டுப் பாருங்கள் சார்' என்று சக ஊழியர் சொல்லும் யோசனை தேவவாக்காகவே படும். பிரான்சில் பிறந்த அந்த மருந்து நார்கோலெப்ஸி என்ற நோய்க்கு வாஸ்தவமான சஞ்சீவி. விழிப்பைக் காக்கும் ஓரெக்ஸின் என்ற ரசத்தைச் சுரக்கும் மூளை அணுக்கள் அழிந்துபோவதால், பேசிக்கொண்டிருக்கும்போதே தூக்கத்தில் விழுந்துவிடும் பரிதாப நோய் அது. ஆனால் ஷிப்ட் வேலையின் அசதிக்கு அதை அமெரிக்கா அனுமதித்திருக்க, ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்போ 2010-இல் பரிசீலித்து, நார்கோலெப்ஸி ஒன்றுக்கு மட்டுமே கொடுப்பது நலம் என்று தீர்மானித்தது. பாதி வேகம் குறையவே பன்னிரண்டு முதல் பதினைந்து மணி நேரம் ஆகும் மருந்தாதலால், விடியற்காலையில் விழுங்கியவருடைய பகல் தூக்கம் தொலைந்தது. தூக்கக் கடனை அது தள்ளிப்போடுமேயன்றி அடைப்பதில்லை. அபூர்வமாகத் தோல் உரியும் அளவுக்குக் கொடிய ஒவ்வாமையை உண்டாக்கும். இன்னொன்று, கூச்சத்தினால் யாரும் சொல்லாதது: கருத்தடை மாத்திரையின் பலத்தை இது குறைத்துவிடும், நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்கு அந்த அபாயம் நீடிக்கும், கருவுக்கும் நல்லதன்று. பகலில் சதா தூக்கம் வருகிறவர், குறட்டையோடு மூச்சும் தடைப்படுகிறதா என்று தூக்கப் பரிசோதனை செய்துகொள்வதே முதல் காரியம்.

விஞ்ஞானிகள் வாழும் ஊராதலால் இங்கே வேறொரு வாதமும் செல்லுபடியாகிறது: மேதைகள் சாப்பிடவில்லையா? சாப்பிட்டார்கள்தான். நம் ராமானுஜனிடம் மாளாத பக்தி கொண்ட கணித மேதை பால் எர்டிஷ் பல வருஷம் ஆம்பெட்டமின் என்ற ஊக்க மருந்து சாப்பிட்டவர். நண்பர் ரொனால்ட் கிரகாம் 1979-இல் ஒரு மாதம் விட்டுக்காட்டினால் 500 டாலர் என்று பந்தயம் கட்ட, விட்டுக்காட்டிப் பணத்தையும் பெற்றுக்கொண்டு, கணிதம் ஒரு மாதம் பின்தங்கிவிட்டது என்று குறைபட்டுக்கொண்டார். மறுபடியும் உடனே தொடங்கிவிட்டார் என்பதை மட்டும் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

சட்டம் மெதில்பெனிடேட்டையும் மோடாபினிலையும் ஒரே தராசில் நிறுக்கவில்லை. மெதில்பெனிடேட், 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் அடங்கியது; 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலிலும் இருக்கிறது. டாக்டர் இரட்டைப் பிரதியாகச் சீட்டு எழுத வேண்டும்; கடைக்காரர் ஒன்றை வாங்கி இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும்; மருந்தைப் பூட்டி வைக்க வேண்டும்; அதற்குத் தனி லைசென்ஸும் வேண்டும். இத்தனை தொல்லை எதற்கு என்று அநேக கெமிஸ்டுகள் அதை வைத்துக்கொள்வதே இல்லை. ஆகையால் கையில் நியாயமான சீட்டை வைத்துக்கொண்டு செம்பூரிலும் மாட்டுங்காவிலும் கடை கடையாக ஏறி இறங்கும் தகப்பனாருக்கு 'நஹி ஹை' என்ற பதிலோடு சந்தேகப் பார்வையும் கிடைக்கிறது. அவர் தலை குனிய வேண்டியதில்லை. சொந்த வைத்தியத்துக்காக ஒரே சமயத்தில் 100 மாத்திரை வரையிலும், நெடுநாள் சிகிச்சைக்கென்று டாக்டர் குறிப்பாக எழுதியிருந்தால் அதற்கு மேலும் வைத்திருக்க விதி இடங்கொடுக்கிறது. எந்தக் கடையில் கிடைக்கும் என்று எழுதிக் கொடுக்கும் டாக்டரையே கேட்பது அலைச்சலைக் குறைக்கும்.

மோடாபினிலுக்கும் டாக்டர் சீட்டு கட்டாயமே. ஆனால் பூட்டு தளர்ந்த கதவாதலால் கவுண்டரிலும் இன்டர்நெட்டிலும் அது சுலபமாக நழுவி வருகிறது. வேண்டியவனுக்குக் கிடைக்காமலும் வேண்டாதவனுக்குக் கிடைத்தும் நிற்கும் இந்த விபரீதம் மாற வேண்டுமானால், சீட்டில்லாமல் விற்கும் கடையைப் பற்றி பாந்திரா-குர்லா வளாகத்திலுள்ள மகாராஷ்டிர உணவு, மருந்து நிர்வாகத்துக்குப் பில்லுடன் எழுத வேண்டும். போன் மூலம் ஆலோசனை கேட்டு மெதில்பெனிடேட் எழுதி வாங்க முடியாது. 2020 மார்ச்சில் வெளியான தொலை மருத்துவ நெறிகள் எக்ஸ் அட்டவணை மருந்துகளையே விலக்கிவைத்திருக்கின்றன. அப்படி எழுதித் தருகிறேன் என்பவர் யாராயினும் விலகி நிற்பது உத்தமம். அமெரிக்காவிலிருந்து வரும் மருமகன் பையில் ஆம்பெட்டமின் கலந்த மாத்திரை இருந்தால், அது அவருக்குரிய வைத்தியமே தவிர, மாமியார் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பங்கு போடும் பட்சணமன்று. பரீட்சைக்கு முன்தினம் தன் மாத்திரையில் இரண்டைத் தோழனுக்குக் கொடுக்கும் மாணவனும் போதைப்பொருள் சட்டத்தின் கண்ணில் குற்றவாளியே.

மெதில்பெனிடேட் சாப்பிடும் குழந்தைக்குப் பசி மந்திக்கும், எடை குறையலாம், உயரம் சற்று மட்டுப்படலாம், நாடியும் ரத்த அழுத்தமும் ஏறும். இருதயக் கோளாறு குடும்பத்தில் உண்டா என்று டாக்டர் கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டும். தொந்தரவு கண்டால், எந்த மருந்தாயினும், 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நோயாளியே தெரிவிக்கலாம். சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதி. மனநோய்க்கும் உடல்நோய்க்கும் இன்ஷூரன்ஸில் பேதம் காட்டக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம். அஜாக்கிரதையான சிகிச்சையால் தீங்கு விளைந்தால், கட்டணம் கொடுத்தவர் இரண்டு வருஷத்துக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 1995-இல் சுப்ரீம் கோர்ட் திறந்துவைத்த வழி அது.

பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் கணக்கிடும் 21 குறைபாடுகளில் கற்றல் குறைபாடு இருக்கிறது. கவனக் கோளாறுக்குத் தனிப் பெயர் இல்லை. இரண்டும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருப்பது சகஜமாதலால், பரிசோதனை செய்யும்போதே கற்றல் குறைபாட்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும். சயான் மருத்துவமனையில் அதற்கென்று தனிப் பிரிவு நெடுநாளாக இயங்குகிறது. யாரிடம் போவது என்றே தெரியாமல் தவிப்பவர் 14416-ஐ அழைக்கலாம். அரசின் டெலி-மானஸ் அது, தமிழிலும் பேசுவார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது சொற்பமே. மாத்திரைப் பெட்டியைப் பூட்டி, சாவியைப் பெரியவர் ஒருவர் வைத்துக்கொண்டு, பழைய டைரி ஒன்றில் தேதி, எண்ணிக்கை, குழந்தையின் எடை, உயரம், நாடி, தூங்கிய மணி ஆகியவற்றை எழுதி வரலாம். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, 'எப்படி இருக்கிறான்?' என்ற கேள்விக்கு 'பரவாயில்லை' என்று சொல்வதற்குப் பதிலாக அந்த டைரியை நீட்டினால் போதும்.