தண்ணீரை மட்டும் பழிக்காதீர்கள்

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி பக்கம் ஒரு குழந்தை அடிக்கடி படுத்துக்கொண்டால் ஊர்ப்பேச்சு உடனே தண்ணீரைக் கைகாட்டும். அந்தச் சந்தேகத்தில் நியாயம் உண்டு. டேனரிக் கழிவு பாலாற்றைக் கெடுத்ததை 1996-இல் உச்ச நீதிமன்றமே வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் எடுத்துச் சொன்னது. ஆனால் எல்லாப் பழியையும் தண்ணீர்மேல் போடுவதால் சில பிள்ளைகளின் நோய் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. அவர்களுக்கு எதிர்ப்பு சக்தியை உருவாக்கும் மரபணுவே பிறவியில் பழுது.

இப்படிப் பழுதாகக்கூடிய மரபணுக்கள் 400-க்கும் மேல் அறியப்பட்டுள்ளன. பி.டி.கே. மரபணு கெட்டால் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் ஊறாது. தாயிடமிருந்து வந்த புரதம் தீர்ந்ததும், ஆறு மாத வாக்கில், நிமோனியாவும் காதில் சீழும் மாறி மாறி வரும். இது ஆண் பிள்ளைகளையே தாக்கும். ராக் மரபணுக்கள் கெட்டால் நிலைமை இன்னும் மோசம். சிகிச்சை இல்லையேல் குழந்தை பெரும்பாலும் இரண்டு வயதைத் தாண்டாது. இதற்குத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுது வந்திருக்க வேண்டும். சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு கூடுதல். மருமகளைக் குற்றம் சொல்ல இதில் எதுவுமில்லை.

பிரசவ வார்டிலேயே போடும் பி.சி.ஜி. உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி. மற்றக் குழந்தைகளுக்கு அது காவல், கட்டாயம் போட வேண்டும். எதிர்ப்பு சக்தியே இல்லாத குழந்தைக்கோ அந்தக் கிருமி உடலெங்கும் பரவிவிடும். மூத்த பிள்ளை கைக்குழந்தையாகவே காய்ச்சலிலோ நிமோனியாவிலோ இறந்திருந்தால், ஊசி போடுமுன் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வருடத்தில் இரண்டு நிமோனியா, ஆறாத வாய்ப்புண், எடை ஏறாமை, ஊசி போட்ட பக்கம் அக்குளில் நெறி: இவற்றில் ஒன்று இருந்தாலும் ரத்த அணுக்களின் எண்ணிக்கைச் சோதனையைக் கேளுங்கள். அரசு மருத்துவமனையிலேயே எடுப்பார்கள். அதில் லிம்போசைட் என்ற வெள்ளணு 1,500 என்பது பெரியவருக்குச் சரியான அளவு; கைக்குழந்தைக்கு 3,000-க்குக் கீழே போனாலே அபாயமணி. பல ரிப்போர்ட்டுகளில் இந்த எண் கண்ணெதிரே இருந்தும் தவறிவிடுகிறது.

வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்று நடக்கிறது. தீவிர வகைகளுக்கு அதுவே முழுத் தீர்வு, தொற்று முற்றுமுன் செய்ய வேண்டும். 2021 தேசிய அரிய நோய்க் கொள்கையில் இந்நோய்களும் உண்டு. மத்திய அரசு அறிவித்த சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி கேட்கலாம். ஷூ கம்பெனிச் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தால் மருத்துவ உரிமை பிள்ளைக்கும் சேர்த்துத்தான். ஆனால் தலசீமியாவைச் சேர்த்துக்கொண்ட 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்தக் குழந்தைகளை விட்டுவிட்டது. இதைச் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டும்.

குழந்தை பிழைக்காது என்று டாக்டர் சொல்லும் நேரத்திலும், மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எந்த மரபணு என்று தெரிந்தால், அடுத்த கர்ப்பத்தில் 11 முதல் 13 வாரத்துக்குள் பதிவுபெற்ற மையத்தில் சோதித்துப் பார்க்கச் சட்டம் அனுமதிக்கிறது.