பின்காற்றும் பாய்ப்புரட்டும்

பாய்ப்படகு செலுத்திப் பழகாதார், எதிர்க்காற்றே இடர் விளைப்பதென்றும் முதுகுப்புறத்தினின்று வீசுங் காற்று நட்புக் காற்றென்றும் எண்ணுவர். உண்மை இதற்கு மாறாகும். எதிர்க்காற்றில் தவறிழைப்பின் பெரும்பாலும் பாய் படபடத்துப் படகு நின்றுவிடும். பின்காற்றில் தவறிழைப்பின், ஒருபுறம் விரிந்திருந்த பாய் நொடிப்பொழுதில் மறுபுறத்துக்குப் புரண்டுவிடும். இதனை ஆங்கில மாலுமிகள் ‘ஜைப்’ என்பர். வேண்டுமென்று செய்யின் அஃதொரு வித்தை. வேண்டாதபோது நிகழின் பேரிடர். இப்பேரிடரைத் தடுக்கும் வகையையே யாம் ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தோம்.

சிறு படகின் பெரும்பாய்க்கு முன்விளிம்பு பாய்மரத்தோடும், அடிவிளிம்பு ஒரு கழியோடும் பொருந்தியிருக்கும். அக்கழி பாய்மரத்தைக் கீலாகக் கொண்டு கதவுபோல இருபுறமுந் திரும்பவல்லது. பின்காற்றில் ஓடுங்கால் இக்கழி படகுக்குக் குறுக்கே ஏறக்குறையச் செங்கோணமாக வெளியே நிற்கும். காற்று, பாய் விரிந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தினின்று வருமளவும் அக்கதவு திறந்தே கிடக்கும். காற்றுச் சிறிது திசைமாறினும், படகின் மூக்குச் சிறிது விலகினும், காற்று பாயின் பின்விளிம்பைச் சுற்றிப் புகுந்து அதன் மறுமுகத்தைத் தாக்கும். அந்நிலையிற் கழியானது அரைவட்டம் வீசிச் செல்லும். வழியில் அமர்ந்திருப்பார் தலை இருப்பின் அதற்காக நில்லாது. எதிர்க்காற்றிற் பக்கம் மாறும்போதோ, கழி நகர்வது சிறிது தூரமே. அதுவும் பாய் காற்றிழந்து துவண்ட நிலையில்.

அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில், பவுலடியார் சென்ற அலெக்சந்திரியாக் கப்பலை யூரோக்கிலிதோன் என்னுங் காற்றுக் கொண்டுபோன வரலாற்றை நம் கல்லூரியார் பலரும் அறிவர். அக்காலத்துப் பெருங்கப்பல்களில் பாய் பாய்மரத்துக்குக் குறுக்கே இருபுறமும் ஒப்பத் தொங்கியது. ஆகலின் அவர்கள் பட்ட துன்பங்களுள் இஃதொன்று மட்டும் இல்லை எனலாம். இக்காலத்துக் கலங்கட்கோ பெருமையால் விலக்கில்லை. 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், உலகைச் சுற்றும் வால்வோ பெருங்கடற் போட்டியில், ஏறத்தாழ 20 மீட்டர் நீளமுள்ள கலமொன்றின் பாய் தென்பெருங்கடலில் தானே புரண்டது. பாயை இழுத்துப் பிடிக்குங் கயிற்றுத் தொகுதி மோதிக் கடலில் வீழ்ந்த கைதேர்ந்த மாலுமி ஒருவர் மீட்கப்பட்டிலர்.

தடுக்கும் வழிகளுள் தலையாயது, காற்றின் திசையிலே நேராக ஓடாமையே. போகுமிடம் நேர் எதிரே இருப்பினும், 15 பாகை விலகிப் பாதி வழி சென்று, பின் நாமே பாயை முறையாக மாற்றி, மறுபுறம் 15 பாகை விலகி மீதி வழி செல்லலாம். இதனால் 100 கஜ வழி ஏறக்குறைய 103½ கஜமாகும். மூன்றரைக் கஜத்துக்காகத் தலையைப் பணயம் வைப்பாரும் உளர் என்பது வியப்பே!

அபாயம் அணுகுவதைப் படகே முன்னறிவிக்கும். முதலில், பெரும்பாயின் மறைவில் அகப்பட்ட முன்பாய் சோர்ந்து தொங்கும். பின்னர் எதிர்ப்பக்கஞ் செல்ல முயலும். பிடரியின் ஒருபுறத்திற் பட்ட காற்று மறுபுறத்திற் படும். கழி மெல்ல மேலெழும். கையிலுள்ள பாய்க்கயிற்றின் இழுப்புத் தளரும். இவற்றுள் ஒன்று தோன்றினும் சுக்கானின் கைப்பிடியைப் பாய் விரிந்த பக்கமாகத் தள்ளுக. மூக்குப் பாய்க்கு எதிர்ப்பக்கந் திரும்பிக் காற்றைப் பழைய பக்கத்திற் கொண்டுவரும். கழியைக் கண்டஞ்சியவர் கை இயல்பாகவே கைப்பிடியை அதற்கு அப்பால் இழுக்கும். அதுவே புரட்டை விரைவிப்பது. ஆதலின் இப்பாடத்தை மெல்லிய காற்றிற் பன்முறை பயின்று கைக்குப் பழக்கமாக்கல் வேண்டும்.

படகு காற்று வரும் பக்கமாகச் சாய்வதும் ஒரு காரணம். அங்ஙனஞ் சாயின் மூக்குத் தானே பாய்ப்பக்கந் திரும்பும். ஆகவே உடம்பின் பாரத்தால் படகை மட்டமாக வைத்தல் வேண்டும். கழியைக் கீழ்நோக்கி இழுக்குங் கயிறு மிகத் தளர்ந்திருப்பின், பாயின் மேற்பகுதி முன்னோக்கி முறுகி இவ்வாட்டத்தை மிகுவிக்கும். புரூஸ் கிர்பி வரைந்து 1971இல் வெளிவந்த லேசர் என்னுஞ் சிறுபடகில் இவ்வாட்டம் பெரிது. அதன் பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கயிறுகள் இல்லாமையாற் கழி செங்கோணத்தையுங் கடந்து செல்லும். சென்னையைச் சார்ந்த நேத்ரா குமணன் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் செலுத்தியது இவ்வினத்ததே. வல்லார் அதிற் காற்றைப் பின்விளிம்பு வழியாகவே ஏற்று ஓட்டுவர். கற்பார்க்கு அது வேண்டா.

கழியின் நுனியைக் கயிற்றால் முன்புறத்துக்கு இழுத்துக் கட்டுதல் பெருங்கலங்களின் வழக்கம். சிறு படகுக்கு இது பொருந்தாதென்பதே எம் துணிபு. கட்டுண்ட பாயின் மறுமுகத்தைக் காற்று அழுத்துமாயின், கழி நகராமையாற் படகே கவிழும். கட்டியே தீரவேண்டுமாயின், சுக்கான் பிடிப்பவர் இருந்த இடத்தினின்றே அவிழ்க்கத்தக்கதாகக் கயிற்றின் முடிவு அவர் கையருகே வருதல் வேண்டும்.

காற்று மிகக் கடியதாய்ப் பக்கம் மாறுதலும் இன்றியமையாததாயின், பின்காற்றிற் புரட்டுதலை விடுத்துப் பாயை இழுத்துக்கொண்டே படகைக் காற்றெதிராகத் திருப்பி, ஏறக்குறைய முழுவட்டமடித்துப் புதிய வழிக்கு வரலாம். நேரஞ் சிறிது கழியும். கரையில் நிற்பார் சிலர் நகைக்கவுங் கூடும். கழியோ துவண்ட பாயோடு மெல்லக் கடந்துபோகும்.