நட்சத்திர வராகன்

நட்சத்திர வராகன் என்பது கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் அச்சிட்ட தங்க நாணயம் ஆகும். 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1818 வரை சென்னை மாகாணத்தின் அரசுக் கணக்குகள் வராகனில் எழுதப்பட்டன.

பெயரும் தோற்றமும்

விஜயநகரப் பேரரசின் சின்னம் வராகம், அதாவது பன்றி. அந்நாட்டுப் பொன் நாணயத்திற்கு வராகன் என்ற பெயர் வழங்கியது. 1639-இல் தாமர்ல வேங்கடப்ப நாயக்கர் ஆங்கிலேயருக்குச் சென்னையில் இடம் அளித்தபோது, நாணயம் அச்சிடும் உரிமையையும் தந்தார். மக்கள் பழகிய நாணயத்தையே நம்புவர் என்பதால், கம்பெனியும் திருமால் உருவத்தைப் பொறித்தது. மறுபக்கத்தில் சிறு புள்ளிகளுக்கு நடுவே ஒரு விண்மீன் இருந்தது. நாணயத்தின் எடை சுமார் 3.4 கிராம், அதில் ஐந்தில் நான்கு பங்கு தங்கம்.

கணக்கு முறை

1 வராகன் = 42 பணம்
1 பணம் = 80 காசு

ஆகவே 1 வராகன் 3,360 காசுகளுக்குச் சமம். இது கம்பெனியின் ஏட்டுக் கணக்கு. கடைத்தெருவில் இவ்விகிதம் அடிக்கடி மாறியது. வராகனின் விலை ஏறினால், காசில் கூலி பெற்ற ஏழைக்கு இழப்பு. நாணயம் மாற்றித் தரும் சராபுகளுக்கு ஆதாயம். பழைய ஆவணங்களில் கூலியையும் விலையையும் படிக்கும் மாணவர்கள் இதை மறக்கக் கூடாது.

பிற நாட்டு ஒப்பீடு

ஜெர்மானிய நாடுகளிலும் இத்தகைய சிக்கல் இருந்தது. கொலோன், மைன்ஸ், திரியர், பலாட்டினேட் ஆகியவற்றின் ஆட்சியாளர்கள் 1386-இல் ‘குல்டன்’ என்னும் தங்க நாணயத்தைப் பொதுவில் வெளியிட உடன்பட்டனர். காலப்போக்கில் அதன் தங்க அளவு குறைந்தது. முத்திரை மாறாமல் இருக்க, மதிப்பு மட்டும் இறங்கியது.

முடிவு

1818-இல் வெள்ளி ரூபாய் சென்னை மாகாணத்தின் அடிப்படை நாணயமானது. 100 வராகனுக்கு 350 ரூபாய், அதாவது ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என விகிதம் வகுக்கப்பட்டது.

இராயபுரத்திற்கு அருகிலுள்ள தங்கசாலைப் பகுதியைக் காண்போர், வராகன் அங்கிருந்த அரசு நாணயச்சாலையில் உருவானதாக எண்ணுவதுண்டு. அந்தச் சாலை அங்கு அமைந்தது 1840-களில், மூடப்பட்டது 1869-இல். அது வருவதற்கு முன்பே வராகன் கணக்கு முடிந்துவிட்டது. கம்பெனியின் பழைய நாணயச்சாலை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருந்தது.