"இன்னிக்கு என்ன கிழமை?" - தனிமையின் நாள்களை நூலில் தைத்தவர்கள்!

"இன்னிக்கு என்ன கிழமை?" 2020 ஊரடங்கில் இந்தக் கேள்வி கேட்காத வீடு குறைவு. மார்ச் 25-ம் தேதி 21 நாள்களுக்கு என்று ஆரம்பித்த ஊரடங்கு, மே மாதம் முழுக்க நீண்டது. கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்களுக்குத் தொற்று உறுதியானதும், நெய்வேலி, திருவதிகை அடங்கிய கடலூர் மாவட்டத்திலும் பதற்றம் கூடியது. ஒரு மதியம் நகரவே நகராது. திரும்பிப் பார்த்தால் ஒரு மாதம் காணாமல் போயிருக்கும்.

இது பிரமை இல்லை. லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் ரூத் ஆக்டன், 2020 ஏப்ரலில் பிரிட்டனில் 604 பேரிடம் இதைப் பற்றிக் கேட்டார். வழக்கத்தைவிட வேகமாகவோ மெதுவாகவோ காலம் போனதாக 80 சதவிகிதத்துக்கும் அதிகமானோர் உணர்ந்திருந்தனர். வயதானவர்களுக்கும், மன அழுத்தத்தில் இருந்தவர்களுக்கும், செய்வதற்கு வேலை குறைந்தவர்களுக்கும் நாள் இழுத்தது.

ஸ்கூல் பெல், ஷிஃப்ட் நேரம், வெள்ளிக்கிழமை கோயில், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு என்று நாளுக்கு நாள் நாம் வைத்திருக்கும் அடையாளங்கள் அழிந்தால், எல்லா நாளும் ஒன்றுபோலவே தெரியும். அந்த அடையாளத்தை ஊசி நூலால் உண்டாக்கியவர்கள் உண்டு.

சாங்கி சிறையில் ஒரு போர்வை

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. 600 பேருக்காகக் கட்டிய சாங்கி சிறையில் ஐரோப்பியக் குடிமக்கள் ஆயிரக்கணக்கில் அடைக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் ஒரு பக்கம், ஆண்கள் வேறு பக்கம். எப்போது விடுதலை என்று யாருக்கும் தெரியாது.

அங்கிருந்த சிறுமிகள் சிலர், சாரணியர் குழுவாக வாரம் ஒருமுறை கூடினார்கள். தங்கள் தலைவியின் பிறந்தநாளுக்காக, கிடைத்த துண்டுத் துணிகளை அறுகோணமாக வெட்டி ரகசியமாக ஒரு போர்வை தைத்தார்கள். அது இப்போது லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பெண்கள் மூன்று போர்வைகள் தைத்தார்கள். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். ஆளுக்கொரு சதுரத்தில் பூவோ, கப்பலோ, சிறைக்கூடமோ எம்ப்ராய்டரி செய்து, தன் பெயரையும் தைத்தார்கள். பொழுது போக்க மட்டும் அல்ல. காயம்பட்ட வீரர்களின் மருத்துவமனைக்கு அந்தப் போர்வைகள் போனால், தைத்த பெயரைப் பார்த்து 'இவள் உயிரோடு இருக்கிறாள்' என்று அங்கிருக்கும் கணவர் தெரிந்துகொள்வார். விடுதலை வர 1945 ஆகிவிட்டது.

நாளுக்கு ஒரு வரிசை

இன்று குரோஷே பின்னுபவர்களிடையே 'வெப்பநிலைப் போர்வை' பிரபலம். அன்றைய வெயிலுக்கேற்ற நிறத்தில் தினம் ஒரு வரிசை. 2020-ல் ஆரம்பித்து முடித்திருந்தால், லீப் வருடக் கணக்கில் 366 வரிசை இருக்கும். எந்த நாளும் தொலைந்துபோகாது.

நம் ஊரிலும் இது கடினமில்லை. வெயிலுக்குப் பதில் மனசை அளக்கலாம். நாள் இழுத்தால் ஒரு நிறம், பறந்தால் இன்னொரு நிறம். 'சிவன் கண்' வயர் கூடை பின்னத் தெரிந்த பாட்டிக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம்.

ஊரடங்கு முடிந்தாலும், பிள்ளைகள் வெளியூரில் இருக்க, வீட்டில் தனியாக இருக்கும் அம்மா அப்பாவுக்கு நாள் இன்னும் அப்படித்தான் இழுக்கிறது. அடுத்தமுறை போன் செய்யும்போது, "சாப்பிட்டீங்களா?" என்பதோடு, "இன்னிக்கு என்ன நிறம்மா?" என்றும் கேட்டுப் பாருங்கள்.