வெண்மையில் மறையும் வெண்மை

2023ஆம் ஆண்டின் இறுதியில் தமிழக அரசு, வாய், கருப்பைவாய், மார்பகம் ஆகிய மூன்றிலும் தோன்றும் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் திட்டத்தை நான்கு மாவட்டங்களில் பரீட்சார்த்தமாகத் தொடங்கியபோது, ஈரோடும் கன்னியாகுமரியும் போக எஞ்சிய இரண்டும், கலவை ஊரை உள்ளடக்கிய ராணிப்பேட்டையும் ஆம்பூரை உள்ளடக்கிய திருப்பத்தூருமாக, பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் சீமையாகவே அமைந்தன. "எல்லாம் இந்த டேனரித் தண்ணியாலதானே?" என்று இப்பக்கத்து ஸ்திரீகள் கேட்பது சகஜம். தோல் பதனிடுவதோடு தொடர்புடைய குரோமியத்தின் ஒரு வகை நுரையீரலில் புற்றுநோயை விளைவிக்கும் என்பது நிரூபணமான விஷயமே. மார்பக விஷயத்தில் அத்தகைய நிரூபணம் இல்லை. ஏறும் வயதும், தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ அந்நோய் கண்டிருப்பதும், சிறு வயதிலேயே பூப்பெய்தியதும், தலைப்பிரசவம் தாமதித்ததுமே வைத்தியர்கள் முதலில் விசாரிக்கும் காரணங்கள்.

இவற்றோடு, கேட்டு அறிய முடியாத, படம் பிடித்தே அறியவேண்டிய காரணம் ஒன்றும் உண்டு. அதற்கு முன் அந்தப் படம் பிறந்த கதை. பெர்லின் நகரத்து ரண வைத்தியர் ஆல்பர்ட் சாலமன், அறுத்தெடுத்த மார்பகங்கள் சுமார் 3000ஐ எக்ஸ் கிரணங்களால் படம் பிடித்து, புற்றுக் கட்டிகளின் நிழலையும் அவற்றுள் படிந்த நுண்ணிய சுண்ணாம்புத் துகள்களையும் 1913இல் விவரித்தார். எலும்பை ஊடுருவும் கிரணத்துக்கோ கொழுப்பும் சுரப்பித் திசுவும் ஏறக்குறைய ஒன்றே. ஆகையால் சக்தி குறைந்த மென்மையான கிரணம் வேண்டியிருந்தது. பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து சார்ல் க்ரோ, 1960களில் மாலிப்டினம் என்னும் உலோகத்திலிருந்து அதனைப் பெறும் வழியைக் கண்டு, மார்பகத்துக்கென்றே தனி யந்திரம் பிறக்கச் செய்தார்.

பரீட்சைக்கு வரும் பெண்ணிடம் அன்று பவுடர் பூசவேண்டாம் என்பார்கள். அக்குளில் ஒட்டிய பவுடர் படத்தில் சுண்ணாம்புத் துகளைப் போலவே தோன்றி மயக்கும். தாலிச் சரட்டைக் கழற்றத் தயங்குபவளை, அதை முதுகுப்புறம் தள்ளிவிட்டுக்கொள்ளச் சொல்லுவதும் உண்டு. யந்திரத் தட்டின்மேல் வைத்த மார்பகத்தைக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பலகை இறங்கி அழுத்த, "மூச்சை நிறுத்துங்கம்மா" என்ற குரல் கேட்கும். சில விநாடிகளில் காரியம் முடிந்துவிடும். வலிக்கத்தான் செய்யும், ஆனால் அழுத்தித் தட்டையாக்கினால்தான் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் திசுக்கள் பிரிந்து தெரியும், கிரணத்தின் அளவும் குறையும். மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று என இருபுறமும் எடுக்கும் நான்கு படங்களின் கிரணம் முழுவதும், இயற்கையில் இரண்டொரு மாதத்தில் நம்மீது படுவதற்கு மேற்பட்டதன்று.

படத்தில் கொழுப்பு கருமையாகவும், சுரப்பித் திசு வெண்மையாகவும் தெரியும். சங்கடம் என்னவென்றால், கட்டியும் வெண்மையே. திசு அடர்ந்த மார்பகத்தில் அதைத் தேடுவது, சுண்ணாம்பு அடித்த சுவரில் தெறித்த சுண்ணாம்புத் துளியைத் தேடுவதாகும். அதனினும் விசித்திரம், அந்த அடர்த்தியே அபாயத்தின் குறியாக இருப்பது: டெட்ராய்ட் நகரத்து ஜான் உல்ஃப் 1976இல் சுட்டிய இவ்வுண்மை பின்னர் பன்முறை உறுதிப்பட்டு, மிக அடர்ந்த மார்பகமுடையோருக்கு, பெரும்பாலும் கொழுப்பேயான மார்பகமுடையோரைவிட நான்கைந்து மடங்கு நோய் வரக்கூடும் என்று தேர்ந்தது. ஆகவே வைத்தியர் அடர்த்தியை நான்கு தரமாகப் பிரித்து அறிக்கையில் குறிக்கிறார். அபாயத்தை எண்ணாகச் சொல்லும் கணக்குகளும் உண்டு. 1989இல் மிட்செல் கெயில் வகுத்த பிரசித்தமான கணக்கு அமெரிக்க வெள்ளை மாதரின் விவரங்களில் எழுந்ததாதலால், அதன் விடையை நம் பெண்கள் அப்படியே ஏற்பது விவேகமாகாது.

நம் நாட்டில் இந்நோய் மேல்நாட்டைவிட இளம் வயதிலேயே வருகிறது. இளமையிலோ திசு அடர்த்தி மிகுதி. எனவே நம் திட்டத்தில் யந்திரத்துக்கு முன் கைப் பரிசோதனை வருவதை ஏழ்மையின் சமரசம் என்று இகழ்வது எனக்கு உடன்பாடன்று. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையார் 1998 முதல் ஒன்றரை லட்சம் பெண்களைப் பின்தொடர்ந்து, பயிற்சி பெற்ற பெண்கள் இரண்டாண்டுக்கொருமுறை கையால் பரிசோதித்ததில், ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரிடம் மார்பகப் புற்றால் நேரும் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்ததை 2021இல் வெளியிட்டனர்.

ஆண் வைத்தியரிடம் உடலைக் காட்டமாட்டாத பெண்களின் அவலத்தைக் கண்டே, ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் வேலூரில் பெண்களுக்கென வைத்தியப் பள்ளி தொடங்கினார். அந்தக் கூச்சம் முற்றும் நீங்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதிப்பவர் நர்ஸம்மாவாக இருப்பது அதனால் பெரும் உபகாரம். கைப் பரிசோதனையில் சந்தேகம் தட்டினால் மேமோகிராம் என்னும் மேற்சொன்ன எக்ஸ் கிரணப் படம், அதிலும் தெளியாவிட்டால் ஸ்கேன், பிறகு ஊசியால் துளி திசு எடுத்துப் பரிசோதிப்பது என்பது முறை. அவ்வாறு மேலே அனுப்பப்படுவோரில் பெரும்பாலோருக்கு இருப்பது புற்றன்று, சாதாரணக் கட்டியே. ஆயினும் அதைச் சொல்லவல்லது ஊசிப் பரிசோதனைதான், அடுத்த வீட்டு அனுபவமன்று.