கோழிக்குஞ்சுகளுக்கு உயிருள்ள பூச்சித் தீனி: கொடுக்கும் முறையும் காக்கும் முறையும்

மழை பெய்து ஓய்ந்த மறுநாட் காலையில், கோழி வளர்க்கும் குடியானவர் வீட்டுக் கொல்லையிலே ஒரு காட்சியைக் காணலாம். தாய்க்கோழி மண்ணைச் சீய்த்து, அகப்பட்ட புழுவையும் பூச்சியையும் தான் உண்ணாமல், குரல் கொடுத்துக் குஞ்சுகளை அழைத்து அவற்றின் முன்னே இடுகின்றது. நொய்யை எவ்வளவு இறைத்திருந்தாலும் குஞ்சுகள் அதனை விட்டுப் பூச்சியின் பின்னே ஓடுகின்றன. இதற்குக் காரணம் உண்டு. நொய், கம்பு, சோளம் முதலிய தானியங்களில் புரதச் சத்து நூற்றுக்கு ஏறத்தாழ 8 முதல் 12 பங்கு வரையிலேதான் இருக்கின்றது. வளரும் குஞ்சின் தீனியிலோ நூற்றுக்குச் சுமார் 20 பங்கு இருத்தல் வேண்டும். அக்குறையைச் செலவின்றி நிரப்புவது பூச்சியே.

ஆயினும் இந்நாளில் பூச்சித் தீனியைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. பூச்சி எதனைத் தின்றதோ, அதனையே குஞ்சும் தின்கின்றது. பூச்சியின் வயிற்றில் விஷம் இருந்தால் அது குஞ்சின் வயிற்றிற்குச் செல்லும்; பூச்சியின் உடலில் நாடாப்புழுவின் கரு இருந்தால் அது குஞ்சின் குடலில் வளரும். ஆகையால், பூச்சி எங்கிருந்து வந்தது என்பதை அறியாமல் அதனைக் குஞ்சுக்கு இடலாகாது. முட்டை விற்ற காசும் குஞ்சு விற்ற காசும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் சிறுவாட்டுப் பணம். ஓர் அடைக் குஞ்சுகள் அனைத்தும் ஒரே காலையில் மடிந்தால், அந்நஷ்டம் அவர்களையே சாரும்.

கறையான் பிடிக்கும் முறை

நம் கிராமங்களில் வழிவழியாகக் கையாளப்பட்டு வரும் எளிய முறை, பானையைக் கவிழ்த்துக் கறையான் சேர்ப்பதாகும். மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ, பெனின், புர்க்கினா பாசோ முதலிய நாடுகளின் குடியானவர்களும் பானையையோ சுரைக்குடுக்கையையோ கொண்டு இவ்வாறே செய்கின்றனர்.

வாயகன்ற பழைய மண்பானை ஒன்றில் வைக்கோல், உலர்ந்த சாணம், கிழிந்த கோணி, மக்கிய ஓலைத்துண்டு ஆகியவற்றைத் தளர்வாக அடைத்து, சிறிது ஜலம் தெளித்து ஈரமாக்க வேண்டும். பொழுது சாயும் வேளையில், கறையான் மண்பூச்சு காணும் இடத்தில் மேல்மண்ணைச் சற்றுக் கீறிவிட்டு, அதன்மேல் பானையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். நிழலான வரப்போரமும், பட்டுப்போன மரத்தின் அடியும் ஏற்ற இடங்களாம். மறுநாள் வெயில் ஏறுமுன் பானையை எடுத்துவிடுதல் அவசியம். வெயில் உறைத்தால் கறையான் மண்ணுக்குள் இறங்கிவிடும்.

எடுத்த பானையை வீட்டுத் தாழ்வாரத்திற்கோ, நெற்குதிர் உள்ள இடத்திற்கோ கொண்டுவரலாகாது. வீட்டிற்கு எட்டவுள்ள வெறுந்தரையில் ஒரு முறத்தை வைத்து, அதில் தட்டிக் கொடுத்தல் நலம். குஞ்சுகள் தின்றது போக எஞ்சியதைத் தாய்க்கோழிக்கு இட்டுத் தீர்த்துவிட வேண்டும். கறையான் மெல்லுடல் உடையதாகையால் சிறு குஞ்சும் எளிதில் விழுங்கும். பெரிய வெட்டுக்கிளியையும் வன்தோடுடைய வண்டையும் சிறு குஞ்சுகளுக்கு இடலாகாது. கறையான் தீனிக்குத் துணையேயன்றி, அதுவே தீனி ஆகாது. தானியமும் தூய ஜலமும் எப்பொழுதும்போல் இருத்தல் வேண்டும்.

விஷமருந்து பட்ட இடங்கள்

கறையானைக் கொல்வதற்கென்றே மருந்து இடப்பட்ட இடங்கள் பல உண்டு. புது வீடுகளின் அஸ்திவாரத்தில் கறையான்கொல்லி ஊற்றுகின்றனர். கரும்பு வயலிலும் நிலக்கடலை வயலிலும் அம்மருந்தை இடுவது வழக்கம். இவ்விடங்களில் பானை வைத்தல் கூடாது. அவ்வாறே, மருந்து தெளித்த வயலில் தள்ளாடி விழுந்து கிடக்கும் வெட்டுக்கிளிகளையும் புழுக்களையும் பொறுக்கிக் கோழிக்கு இடுதல் பெருந்தவறு. எளிதில் அகப்படும் பூச்சியே விஷமுண்ட பூச்சி என்று கொள்க.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. அர்ஜென்டினா நாட்டின் புல்வெளிகளில் 1995-96ஆம் ஆண்டின் கோடையில், வெட்டுக்கிளிகளைக் கொல்ல மோனோகுரோட்டோபாஸ் என்னும் மருந்தைத் தெளித்தனர். வட அமெரிக்காவிலிருந்து அங்கு வலசை வந்திருந்த ஒருவகைப் பருந்துகள் அவ்வெட்டுக்கிளிகளை உண்டன. இறந்து கிடக்கக் காணப்பட்ட பருந்துகள் மட்டும் 5,000க்கு மேற்பட்டவை. வானிற் பறக்கும் பருந்துக்கே இக்கதி எனின், கொல்லையில் மேயும் குஞ்சைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

மருந்து தெளிக்காத வெட்டுக்கிளி நல்ல தீனியே. 2020ஆம் ஆண்டில் பாகிஸ்தானின் ஓகாரா மாவட்டத்தில், மருந்து தெளிக்காத இடத்தில் இரவில் அடைந்திருந்த வெட்டுக்கிளிகளைக் குடியானவர்களைக் கொண்டு பிடிக்கச் செய்து, கிலோ ஒன்றுக்கு அந்நாட்டு நாணயத்தில் 20 ரூபாய் கொடுத்து வாங்கிக் கோழித் தீனியிற் சேர்த்தனர். இங்கும் நஞ்சற்ற இடத்தில் பிடித்தமையே முக்கியம்.

எறும்பும் வண்டும் தரும் நாடாப்புழு

கோழியின் குடலில் வாழும் நாடாப்புழுவின் துண்டுகள் எச்சத்துடன் வெளிவருகின்றன. அவற்றிலுள்ள முட்டைகளை எறும்பு, சாணவண்டு, வீட்டு ஈ முதலியன உண்கின்றன. அவற்றின் உடலில் முட்டை கருவாக மாறுகின்றது. அப்பூச்சியைக் கோழி தின்றால் கரு மீண்டும் நாடாப்புழுவாகிவிடும். ஒருவகை நாடாப்புழு குடற்சுவரில் சிறு கட்டிகளை உண்டாக்குவதும் உண்டு. பாதிக்கப்பட்ட குஞ்சு தின்றும் தேறாமல் மெலியும்.

எனவே, கோழிக்கூட்டிற்கும் எச்சம் விழும் இடத்திற்கும் எட்டியே பானையைக் கவிழ்க்க வேண்டும். பானையில் எறும்பு மிகுதியாகப் புகுந்திருந்தால் அன்றைய கறையானை விட்டுவிடுதலே சிலாக்கியம். கூட்டின் அடிப்பரப்பை அடிக்கடி வாரி, எருக்குழியில் இட்டு மூடுக. குப்பையிற் காணும் சிறு கருவண்டுகள் வியாதிக் கிருமிகளையும் சுமப்பவை.

அழுகிய பிணத்துப் புழு

இறந்த கோழியையோ வேறு பிராணியையோ குப்பைமேட்டில் எறிந்துவிடும் வழக்கம் கொடியது. அழுகும் உடலில் ஒருவகைக் கிருமி கடும் விஷத்தை உண்டாக்குகின்றது. அதனைத் தின்னும் ஈப்புழுக்கள் தாம் சாகாமல் விஷத்தை உடலிற் சேர்த்துவைக்கும். அப்புழுக்களைப் பொறுக்கிய கோழிக்குக் கால் தளரும், சிறகு தொங்கும், பின்னர் கழுத்து நிமிராமல் தரையில் சாயும். இறந்த பிராணியை அன்றன்றே ஆழப் புதைத்துச் சுண்ணாம்பு இடுக, அல்லது எரித்துவிடுக.

ஈப்புழுவை வளர்த்தே கொடுக்க விரும்புவோர்க்குக் கறுப்புச் சிப்பாய் ஈ எனப்படும் இனம் ஏற்றது. இதன் புழு காய்கறிக் கழிவைத் தின்று வளரும். புரதமும் கொழுப்பும் நிறைந்தது. ஈயோ மனிதரைக் கடிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021ஆம் ஆண்டு முதல் பூச்சிப் புரதத்தைக் கோழித் தீனியிற் சேர்க்க அனுமதி உண்டு. எனினும், அப்பூச்சிகளைச் சாணத்தின்மீதோ உணவு விடுதிக் கழிவின்மீதோ வளர்க்கலாகாது என்பது அங்கு விதி.

பல்லி வளர்ப்போர் கண்ட பாடம்

மேனாடுகளில் பல்லியினங்களையும் ஓணானினங்களையும் வீட்டில் வளர்ப்போர், அவற்றிற்கு உயிருள்ள சிள்வண்டு முதலியவற்றை இரையாகக் கொடுக்கின்றனர். அவர்கள் அனுபவத்தில் அறிந்தவை நமக்கும் பயன்படும். இரைப்பூச்சிக்கு முதலில் நல்ல தீனி இட்டு, அதன்பின்னரே பல்லிக்குக் கொடுக்கின்றனர். பல்லியின் இரு கண்களுக்கும் இடையேயுள்ள அகலத்திற்கு மேற்பட்ட பூச்சியை இடுவதில்லை. பெரும்பாலான பூச்சிகளில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவாதலால், சுண்ணச்சத்துப் பொடியைத் தூவிக் கொடுக்கின்றனர். இல்லையேல் எலும்பு வளைந்துவிடும். அமெரிக்காவில் மின்மினியை உண்ட தாடி ஓணான்கள் இறந்துபட்டதும் உண்டு. அவ்வின மின்மினியின் உடலிலேயே நஞ்சு இருந்தது. அந்நாட்டிலுள்ள ஒருவகை ரோஜாவண்டு கோழிக்குஞ்சுகளையும் கொல்ல வல்லது. ஆகவே, இனம் தெரியாத பூச்சியை இடாதிருத்தலே பொதுவிதி. குஞ்சுக்கும் முட்டைக்கோழிக்கும் பூச்சியுடன் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். முட்டைக்கோழிக்குக் கிளிஞ்சலை இடித்துத் தனித் தட்டில் வைக்கலாம்.

விஷக்குறியும் செய்கையும்

கோழி வாயில் நீரொழுக்கி, மூச்சுத் திணறி, நடுங்கி, நீராய்க் கழிந்தால் மருந்து விஷம் என ஐயுறலாம். உடனே எஞ்சியவற்றை அடைத்துப் பூச்சித் தீனியை நிறுத்துக. தெளித்த மருந்தின் பெயரைக் குறித்துக்கொண்டு கால்நடை மருத்துவரை நாடுக. இறந்தவற்றை உண்ணுதலும் விற்றலும் ஆகாது.

நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. எந்த வயலில் என்று மருந்து தெளிக்கப்படும் என்பதை முன்னாளே அக்கம்பக்கத்தார்க்கு அறிவித்தால், அவர்கள் கோழிகளைக் கட்டிவைத்துக்கொள்வர். மருந்து தெளிப்பவன் ஒருவன். கோழியை இழப்பவள் வேறொருத்தி. ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொன்னால் ஓர் அடைக் குஞ்சுகள் பிழைக்கும்.

நினைவிற் கொள்ளத்தக்கவை

1. கறையான் பானையை மருந்து படாத நிலத்தில், கோழிக்கூட்டிற்கு எட்டி வைக்க வேண்டும்.

2. வெயிலேறுமுன் எடுத்து, வீட்டிற்கு வெளியே கொடுக்க வேண்டும்.

3. மயங்கிக் கிடக்கும் பூச்சியையும், இனம் தெரியாத பூச்சியையும் தொடலாகாது.

4. இறந்த பிராணியை வெளியில் எறியலாகாது.

5. பூச்சி துணைத் தீனியே. தானியம், தூய ஜலம், சுண்ணாம்புச் சத்து ஆகியவை என்றும் வேண்டும்.