கூடுதல் வெப்பம் எங்கே போனது?

மேல்நிலை வகுப்பில் இயற்பியல் படித்தவர்களுக்கு ‘மேயர் தொடர்பு’ நினைவிருக்கும். ஒரு வாயுவை அழுத்தம் மாறாமல் சூடாக்க ஆகும் வெப்பம், பருமன் மாறாமல் சூடாக்க ஆகும் வெப்பத்தைவிட அதிகம் என்று தொடங்கும் பாடம் அது. தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்து போய்விடுகிறோம். ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்ற விதிக்கு ஒருவர் போட்ட கணக்கு அதற்குள்தான் இருக்கிறது. போட்டவர் ஒரு கப்பல் டாக்டர். அந்தக் கணக்குக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது மனித ரத்தம்.

ஜூலியஸ் ராபர்ட் மேயர் 1814இல் தென் ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் மருந்துக்கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். சிறுவனாக இருந்தபோது ஓடையில் சக்கரம் வைத்து, தண்ணீரைத் தானே மேலேற்றித் தானே ஓயாமல் சுழலும் பொறி ஒன்றைச் செய்ய முயன்று தோற்றார். பிறகு ட்யூபிங்கனில் மருத்துவம் படித்து, 1840 பிப்ரவரியில் ராட்டர்டாமிலிருந்து ஜாவாவுக்குப் புறப்பட்ட டச்சுக் கப்பலில் மருத்துவராக ஏறினார்.

ஜாவா போய்ச் சேர்ந்த சில நாட்களில் மாலுமிகளுக்கு நுரையீரல் நோய் கண்டது. அந்தக் கால வைத்தியப்படி மேயர் அவர்களின் கைச் சிரையைக் கீறி ரத்தம் வடித்தார். சிரை ரத்தம் கருஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வந்ததோ பளிச்சென்ற சிவப்பு. தவறிப்போய்த் தமனியை வெட்டிவிட்டோமோ என்று எண்ணும் அளவுக்கு அது அவரைத் திடுக்கிடவைத்தது.

உயிரினங்கள் சுவாசிப்பதும் ஒருவகை எரிதலே என்பதை லவாசியேயும் லாப்லாஸும் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டிகளுக்கு நடுவே வைத்து, உருகிய நீரை எடை போட்டுக் காட்டியிருந்தார்கள். மேயர் அதை வைத்து யோசித்தார். வெக்கையான நாட்டில் உடம்பு தன்னைச் சூடாக வைத்துக்கொள்ள அதிகம் எரிக்க வேண்டியதில்லை. ஆகவே ரத்தத்திலிருந்து எடுக்கும் ஆக்சிஜன் குறைவு. ஆகவே ரத்தம் சிவப்பு மாறாமல் திரும்புகிறது. இந்த விளக்கம் முழுக்கச் சரியில்லை என்பது இன்று தெரியும். வெப்பத்தில் தோலுக்குப் பாயும் ரத்தம் பெருகுவதால் சிரை ரத்தத்தில் ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்பதே முக்கியக் காரணம். ஆனால் அந்த இடத்திலிருந்து மேயர் எடுத்த அடுத்த அடியை நான் அறிவியல் வரலாற்றின் மிக அழகான அடிகளில் ஒன்றாகக் கருதுகிறேன்.

உடம்பு வெளியே விடும் சூடு மட்டும்தானா அதன் செலவு? ஒருவன் மூட்டை சுமக்கிறான், சக்கரம் சுற்றுகிறான். சுற்றும் சக்கரம் எங்கோ உராய்ந்து அங்கும் சூடு உண்டாகிறது. அந்தச் சூடும் அவன் உண்ட உணவிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். உடலுக்குள் பிறந்த சூடு, வேலை வழியாக வெளியே பிறந்த சூடு, இரண்டையும் கூட்டினால் எரிந்த உணவின் அளவுக்குச் சரியாக வர வேண்டும். வராவிட்டால் ஒன்று சூனியத்திலிருந்து சூடு முளைக்கிறது, அல்லது இருந்த சூடு காணாமல் போகிறது. இரண்டையும் ஏற்க முடியாது என்றால், இவ்வளவு வேலைக்கு இவ்வளவு வெப்பம் என்று மாறாத விகிதம் ஒன்று இயற்கையில் இருந்தே தீர வேண்டும். ஜாவாவின் சுரபாயா துறைமுகத்தில் இந்த எண்ணம் பிடித்துக்கொண்ட பிறகு, கரையில் இறங்கிச் சுற்றிப் பார்ப்பதைக்கூடத் தவிர்த்துவிட்டுக் கப்பலிலேயே இருந்து யோசித்ததாக நண்பர் ஒருவருக்குப் பிற்பாடு எழுதினார்.

ஊர் திரும்பி 1841இல் எழுதிய முதல் கட்டுரையை ‘அனாலன் டெர் பிசிக்’ இதழின் ஆசிரியர் போகன்டார்ஃப் வெளியிடவில்லை, பதிலும் போடவில்லை. அதில் அடிப்படை இயற்பியல் பிழைகள் இருந்தது உண்மை. மேயர் நண்பர்களிடம் கேட்டுப் படித்துத் திருத்திக்கொண்டார். 1842இல் வேதியியலாளர் லீபிக் தமது இதழில் அடுத்த கட்டுரைக்கு இடம் கொடுத்தார். அதன் கடைசிப் பக்கத்தில் ஓர் எண் இருந்தது. எந்தப் பொருளையும் 365 மீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டால், அந்த வீழ்ச்சி அதே எடையுள்ள நீரை 1 டிகிரி செல்சியஸ் சூடாக்கப் போதும்.

ஒரு பரிசோதனையும் செய்யாமல் இந்த எண் எப்படிக் கிடைத்தது? இங்கேதான் பாடப்புத்தக வாயு வருகிறது. மூடிய கலத்தில் காற்றை 1 டிகிரி சூடாக்கினால் வெப்பம் முழுவதும் காற்றைச் சூடாக்குவதற்கே போகிறது. மேல்மூடி நகரக்கூடியதாக இருந்தால் காற்று விரிந்து மூடியைத் தூக்குகிறது. மூடியின் மேல் வளிமண்டலம் உட்கார்ந்திருக்கிறது, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் சுமார் 1 கிலோ. அந்தப் பாரத்தையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருப்பதால் வெப்பம் சுமார் 1.4 மடங்கு ஆகிறது. கூடுதல் வெப்பம் எவ்வளவு என்பது அன்றைய அளவீடுகளில் இருந்தது. பாரம் தெரியும். காற்று ஒரு டிகிரிக்கு எவ்வளவு விரியும் என்பதும் தெரியும். பாரத்தை உயரத்தால் பெருக்கினால் வேலை. வேலையையும் கூடுதல் வெப்பத்தையும் எதிரெதிரே வைத்தால் விகிதம் வந்துவிடுகிறது.

பிறர் எதற்கோ அளந்து எழுதிவைத்த எண்களுக்குள் இப்படி ஒரு விதி தூங்கிக்கொண்டிருந்தது. பலர் அவற்றைப் பார்த்திருந்தார்கள். கூடுதல் வெப்பம் எங்கே போனது என்று மேயர் கேட்டார், அவ்வளவுதான். இன்று ஏற்கப்பட்ட மதிப்பு சுமார் 427 மீட்டர். அவர் முறையில் குற்றமில்லை. காற்றின் தன்வெப்பத்துக்கு அன்று கிடைத்த அளவு கூடுதலாக இருந்தது. பின்னர் ரெனோ திருத்திய அளவைப் போட்டு அதே கணக்கைச் செய்தால் விடை 424க்குப் பக்கத்தில் வருகிறது.

வாயு வெறுமனே விரிவதே வெப்பத்தைத் தின்றுவிடாது என்ற அனுமானம் இந்தக் கணக்கில் இருக்கிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கே-லூசாக் 1807இல் செய்த சோதனை அதற்கு ஆதரவாக இருந்ததை மேயர் 1845இல் எடுத்துக்காட்டினார். ஆனால் ஐயமற்ற நிரூபணம் சோதனைக்கூடத்திலிருந்துதான் வர வேண்டியிருந்தது. அதைத் தந்தவர் மான்செஸ்டருக்கு அருகே மதுவடிப்புக் குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ஜூல். இறங்கும் எடைகள் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் நீரைக் கலக்க, நீரின் வெப்பநிலை ஒரு டிகிரியின் சிறு பின்னம் ஏறும். அந்தப் பின்னத்தை நம்பகமாக அளப்பதற்கே அவர் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார். 1850இல் அவர் வெளியிட்ட மதிப்பு மீட்டர் கணக்கில் சுமார் 424. நயாகராவில் சுமார் 49 மீட்டர் விழும் நீர்கூட அடியில் பத்தில் ஒரு டிகிரிக்குச் சற்று அதிகமாக மட்டுமே சூடேறும் என்றால், இத்தனை காலம் இதை எவரும் உணராமல் இருந்ததில் வியப்பில்லை.

யார் முதலில் என்ற சண்டை வந்தது. மேயருக்கு அந்த ஆண்டுகள் கொடுமையானவை. 1848இல் இரண்டு குழந்தைகளை இழந்தார். 1849இல் ஒரு செய்தித்தாள் அவரை ஏளனம் செய்தது. 1850 மே மாதம் சன்னலிலிருந்து குதித்து, காயத்தோடு உயிர் பிழைத்தார். பிறகு மனநல விடுதிகளில் அடைக்கப்பட்டு 1853இல் வெளியே வந்தார். அவர் இறந்துவிட்டதாக லீபிக்கே 1858இல் ஓர் உரையில் சொன்னார். 1862இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன் மேடையில் ஜான் டிண்டால் அவர் பெயரை உரக்கச் சொன்ன பிறகே நிலைமை மாறியது. ராயல் சொசைட்டியின் கோப்லி பதக்கம் 1870இல் ஜூலுக்கும் 1871இல் மேயருக்கும் கிடைத்தது. இருவருக்கும் கொடுத்ததே நியாயம் என்பது என் கருத்து. ஒருவர் விதி இருந்தாக வேண்டும் என்று கண்டார், மற்றவர் இருக்கிறது என்று அளந்து காட்டினார்.

மேயரின் முதல் கேள்வி உடம்பைப் பற்றியது அல்லவா? அதற்கு நேரடிப் பதில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் கிடைத்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆட்வாட்டர் ஒரு மனிதர் நாள்கணக்கில் தங்கும் சிறு அறையையே வெப்பத்தை அளக்கும் கருவியாகக் கட்டினார். உள்ளே கட்டில், மேசை, சில சோதனைகளில் மிதிக்க ஒரு சைக்கிள். குழாய்களில் ஓடும் நீர் உடல் வெப்பத்தை எடுத்துச்செல்லும். உள்ளே போன உணவும் வெளியே வந்த கழிவும் அளக்கப்பட்டன. எரிந்த உணவின் ஆற்றலும், வெளிவந்த வெப்பமும் வேலையும் சேர்ந்த தொகையும் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் பொருந்தின. உயிருக்கென்று தனிச் சலுகை எதுவும் இல்லை.

மேயரோ உணவோடு நிறுத்தவில்லை. உணவின் ஆற்றல் தாவரத்தில் எங்கிருந்து வந்தது? சூரிய ஒளியைத் தாவரம் வேதி ஆற்றலாகச் சேமிக்கிறது என்று 1845இல், சொந்தச் செலவில் அச்சிட்ட நூலில் எழுதினார். சூரியனுக்கு எங்கிருந்து வந்தது? 1848இல் அதையும் கேட்டார். சூரியன் முழுக்க நிலக்கரியாக இருந்தாலும் சில ஆயிரம் ஆண்டுகளில் எரிந்து தீர்ந்துவிடும் என்று கணக்கிட்டு, விண்கற்கள் ஓயாமல் வந்து மோதுவதால்தான் அது சூடாக இருக்கிறது என்றார். அந்த விடை தவறு. கேள்வி மட்டும் விடாமல் நின்றது. ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுவதே காரணமாகலாம் என்று எடிங்டன் 1920இல் சொன்னார். எந்தெந்த அணுக்கரு வினைகளால் அது நடக்கிறது என்பதை ஹான்ஸ் பெதே 1939இல் விளக்கினார். அந்த மாற்றத்தில் சூரியன் ஒவ்வொரு நொடியும் சுமார் 40 லட்சம் டன் நிறையை இழக்கிறது. அதுதான் ஒளியாகவும் வெப்பமாகவும் வெளியே வருகிறது.